கண்ணுசாமி பேரில் ஏறிய பாக்கி

"ஒரு புள்ளி எரநூத்தம்பது ரூவா! அந்தக் காசுக்கு..."

"நீ கேளு புள்ள, வெளையாட்டுன்னா..."

"...மாட்டுக்கு ரெண்டு மாசத்துக்குப் புண்ணாக்கு வாங்கிப் போட்ருப்பேன்..."

"...தறியில துணி அளக்கற மாதிரி அளக்கப்படாது."

"பின்ன எதுல அளக்கறதுங்க? சொல்லுங்க, எதுல அளக்கறது?"

பன்னிரண்டு விசைத்தறி ஒன்றாக ஓடுகிற கொட்டகைக்குள் யாராக இருந்தாலும் கத்தித்தான் பேச வேண்டும். குப்பாயியும் அவள் வீட்டுக்காரர் ராசப்பனும் பதினைந்து வருஷமாக அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். 'சோறு ஆயிருச்சு, வாங்க' என்பதும் கத்தல்தான், சண்டையும் கத்தல்தான். அதனால் அன்று காலை அவர்கள் போட்டது சண்டை என்று தறி ஓட்டுகிறவர்களுக்கே தெரியவில்லை.

சண்டை கபடியைப் பற்றியது. எடப்பாடிக்கு மேற்கே அந்தக் கொட்டகையின் பேரில் ஒரு கபடிக் குழு இருந்தது. ராசப்பன் வைத்தது. தை பிறந்ததும் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவார். எந்தக் குழுவிலும் இதுவரை சேராத பையனாகப் பார்ப்பார். பிடித்துப்போனால் நேரே அவன் வீட்டுக்குப் போய், பெற்றவள் கையில் வெற்றிலை பாக்கின் மேல் பணத்தை வைத்துக் கொடுத்துவிட்டு வருவார். தறி ஓட்ட ஆள் பிடிக்கிறபோதும் இதே முறைதான். பெற்றவள் வெற்றிலை வாங்கிவிட்டால் பையன் வேறு இடத்துக்குப் போகமாட்டான். போக வேண்டுமென்றால் அட்வான்ஸைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் நாலு பேரைப் பிடித்தார். ஆயிரத்து எழுநூறு ரூபாய். அது குப்பாயி பதின்மூன்றாவது தறிக்கென்று பால் விற்றுச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். 'வைகாசிக்குள்ள பரிசுப் பணத்துல திருப்பித் தர்றேன்' என்று வாங்கிப் போயிருந்தார். இப்போது சித்திரை முடியப் போகிறது. வந்த பரிசு ஒரு குத்துவிளக்கும் இரண்டு ஆட்டுக்கிடாயும்.

"எதுல அளக்கறதுன்னு நீங்க சொல்ல மாட்டீங்க. நானே சொல்றேன். ஆண்டிக்கு எரநூத்தம்பது. அறுவத்திரண்டு புள்ளி எடுத்துக் குடுத்திருக்கறான். புள்ளிக்கு நாலு ரூவா, அது பொழப்பு. மொய்தீனுக்கு முந்நூறு, இருவத்தஞ்சு புள்ளி, பன்னெண்டு ரூவா. தொலையுது. அர்த்தநாரிக்கு நானூறு, இருவது புள்ளி..."

"அவனுக்குக் கையில சுளுக்குப் புள்ள."

"சுளுக்கையுஞ் சேத்துத்தான் சொல்றேன். இந்தக் கண்ணுசாமிக்கு எவ்வளவுங்க? ஏழுநூத்தம்பது! மூணே மூணு புள்ளி!"

"நீ ஒரு ஆட்டங்கூட வந்து பாத்ததில்ல. உனக்கு ஆரு இத்தன புள்ளியும் சொன்னது?"

"ஆண்டி வந்து சோறு திங்கறப்பச் சொல்லுவான். நான் எழுதி வெச்சுக்குவேன்."

"அவன் மூச்சு உனக்குத் தெரியாது. சேந்தமங்கலத்துல நான் கண்ணால பாத்தேன். காலுல ரெண்டு பேரு, இடுப்புல ரெண்டு பேரு. நாலு பேரையும் இழுத்துக்கிட்டு ஒத்த மூச்சுல பாடிக்கிட்டே நடுக்கோட்டுக்கு வந்தான் புள்ள! கொல்லிமல ஏறி எறங்குன மூச்சு அது."

"அந்த மூச்சு இங்க வர்றப்ப வழியில பஸ்ஸ உட்டு எறங்கீருச்சுங்களா?"

"பழகட்டும் புள்ள..."

"மூணு மாசம் பழகுனது போதும். எதிராளி பக்கம் பாடிப் போகச் சொன்னா கோட்டத் தொட்டுப்போட்டுத் திரும்பி வந்தர்றானாமா. பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குங்க ஏழுநூத்தம்பது? அவன ஊட்டுக்கு அனுப்பிப்போட்டு, அவங்கம்மாகிட்ட..."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பன்னிரண்டு தறியும் ஒரே மூச்சில் நின்றன.

"...குடுத்த பணத்தத் திருப்பி வாங்கீட்டு வாங்க!"

கடைசி வார்த்தைகள் ஓட்டுக்கூரையில் மோதிக் கொட்டகை முழுவதும் கேட்டன. தறி ஓட்டுகிற ராசம்மாள் ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். மூலையில் ராட்டையில் நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த கண்ணுசாமியின் கை நின்றது. பத்தொன்பது வயசு. நல்ல உயரம். உட்கார்ந்திருந்தாலும் ராட்டையைவிட அவன் முழங்கால் மேலே தெரியும். அவன் நிமிரவில்லை. அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தான்.

ராசப்பன் குரலைத் தணித்தார். தணித்துப் பேசிப் பழக்கமில்லாததால் அதுவும் பாதிக் கொட்டகைக்குக் கேட்டது.

"அந்தம்மா பொன்னாயி அந்தப் பணத்துல ஊட்டுக்கு ஓடு போட்டுப்போட்டாங்க. முன்ன வெறும் ஓல. இப்பப் போயி ஓட்டப் பிரிச்சா எடுத்துட்டு வர்றது?"

ஓட்டைப் பிரிக்கச் சொல்லக் குப்பாயிக்கும் மனசில்லை. ஆனால் ஆரம்பித்துவிட்ட சண்டை.

"ஞாயித்துக்கிழம ஆத்தூர்ல ஆட்டமுன்னீங்கல்ல. அங்கயும் இப்பிடியே நின்னான்னா திங்கக்கிழம கூட்டிப் போயி உட்டுப்போட்டு வாங்க. பணத்த அவங்க மெதுவாக் குடுக்கட்டும்."

மதியம் சாப்பாட்டு நேரத்துக்குக் கண்ணுசாமி வந்தான். மற்ற ஆட்டக்காரர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். பழகிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவன் மட்டும் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் தறிக்காரர்களோடு தங்கியிருந்தான். சோறு குப்பாயி வீட்டில்.

அவள் களியும் கொள்ளுப் பருப்பும் எடுத்து வைத்தாள். காலையில் கத்தியது மனசில் உறுத்தியதால் ஒரு உருண்டை சேர்த்தே வைக்கப் போனாள். எப்போதும்போல அவன் தட்டின் மேல் கையை மறைத்தான்.

"போதுமுங்கம்மா."

"இந்த ஒடம்புக்கு ஒரு உருண்ட எந்த மூலைக்குடா? நான் ஆக்கறது உனக்குப் பிடிக்கறதில்லையா?"

"ஐயோ, நல்லா இருக்குதுங்கம்மா."

ஒரு வாய் பிட்டுத் தின்றான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"போகச் சொன்னாப் போயர்றனுங்கம்மா. பாக்கி எவ்வளவுன்னு மட்டும் இன்னிக்கே சொல்லீட்டீங்கன்னா..."

"என்ன பாக்கி?"

"என்ற பேர்ல ஏறுனதுங்க. அட்வான்ஸு ஏழுநூத்தம்பதுங்களா? அவுட்டு ஆனது பதினொண்ணுங்க. அஞ்சு ரூவாப்படி அம்பத்தஞ்சுங்க. எண்ணூத்தி அஞ்சு. சோத்துக்கு எவ்வளவு ஏத்துவீங்கன்னு தெரியிலீங்க, அதனால குறைச்சுத்தான் திங்கறனுங்க. தாரு சுத்துனா அதுல கழிச்சுக்குவீங்களோ என்னமோன்னு சும்மா இருக்கற நேரத்துல சுத்தறனுங்க."

குப்பாயியின் கையில் களி உருண்டை அப்படியே நின்றது.

"அவுட்டுக்கு அஞ்சு ரூவாயின்னு எவன்டா உனக்குச் சொன்னது?"

"ஆருஞ் சொல்லலீங்க. துணியில நூல் அறுந்து ஓட்ட உழுந்தா அஞ்சு ரூவா அட்வான்ஸுல ஏறுமுன்னு ராசம்மாக்கா சொன்னாங்க. என்ற பேரும் அதே நோட்டுலதானுங்க இருக்குது. அவங்க பேருக்குக் கீழ."

"அதனாலதான் பாடிப் போறதில்லையா?"

"போனாத்தானுங்கம்மா அவுட்டு ஆகறது." அதை ஒரு சாமர்த்தியம் போலச் சொன்னான். பிறகு குரல் இறங்கியது. "மொதல்ல போனனுங்க. பதினொண்ணு ஆனதும் பயமாப் போச்சு. அம்மா குச்சிக்கிழங்கு தோலு சீவற கூலியில அம்பத்தஞ்சு ரூவா சேக்கறதுன்னா எத்தன நாளாகுமுன்னு பாத்தேன்..."

குப்பாயிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் தொடங்கினாள். பாதியில் அது வேறு என்னவோ ஆகிவிட, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையிலிருந்த உருண்டையை அவன் தட்டில் போட்டாள். அதன் மேல் இன்னொன்று.

"கைய எடு. எடுறா கைய. தின்னு மொதல்ல."

"அம்மா..."

"சோத்துக்கு இந்த ஊட்டுல ஆரு பேர்லயும் எழுதறதில்ல. அவுட்டுக்கும் எழுதறதில்ல. தின்னு சாமி."

"நோட்டுல பேரு இருக்குதுங்களே" என்றான், களியைப் பிட்டபடி.

ராசப்பன் கொட்டகை வாசலில் இருந்தார். கரண்ட் இன்னும் வரவில்லை. குப்பாயி நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் எப்பச் சொன்னேன் புள்ள? அவுட்டுக்குக் காசு புடிக்கற கூத்து எந்த ஊர்ல இருக்குது?"

"நீங்க சொல்லலீங்க. வெத்தல வெச்சுக் குடுத்தீங்க. தறிக்காரங்களுக்கும் அப்பிடித்தான் குடுக்கறீங்க. வந்ததும் தறிக்காரங்க நோட்டுலயே கையெழுத்து வாங்குனீங்க. தறிக்காரங்ககூடவே படுக்க வெச்சீங்க. அவன் வேற என்னத்த நெனைப்பான்?"

"மத்த மூணு பேரு நெனைக்கலியே."

"அவிய பொழுதோட அவியவிய ஊட்டுக்குப் போயர்றாங்க. இவன் உக்காந்து ராசம்மா பேச்சக் கேட்டுக்கிட்டுக் கெடந்திருக்கறான்."

ராசம்மாள் உள்ளேயிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தறியைச் சும்மா துடைத்தபடியே கேட்டாள்.

"ஏனுங்க முதலாளி, ஆட்டக்காரன் அவுட்டானா ஏறாது. தறிக்காரி நூலு அறுந்தா மட்டும் ஏறுமுங்களா?"

ராசப்பன் எழுந்து, கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்கிறவர்போலக் கம்பத்தைப் பார்த்தார்.

"ராசம்மா, இதையும் பேசோணும்" என்றாள் குப்பாயி. "ஞாயித்துக்கிழம கழியட்டும். நானே வாரேன்."

"வாங்க வாங்க" என்றாள் ராசம்மாள். "நோட்டையும் எடுத்துட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை குப்பாயியும் கிளம்பிவிட்டாள். ஜவ்வரிசி மூட்டை ஏற்ற ஆத்தூர் போகிற காலி லாரி ஒன்றில் குழு முழுவதும் ஏறிக்கொண்டது. லாரி அங்கேயே தங்கிவிடும், திரும்ப பஸ். கொட்டகைத் துணியிலேயே தைத்துச் சாயம் போட்ட சிவப்புப் பனியன்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் புளிச்சோற்றுத் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு குப்பாயி.

"பொம்பளைங்க ஆரும் வரமாட்டாங்க புள்ள" என்று ராசப்பன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

"நான் ஆட்டம் பாக்க வரலீங்க. எம்பட சீட்டுப் பணத்தப் பாக்க வாரேன்."

ஆத்தூரில் ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால், உழுது தண்ணீர் தெளித்த மண் தரையில் ஆட்டம். குப்பாயி கோட்டுக்குப் பக்கத்திலேயே தூக்குப்போசியோடு உட்கார்ந்துவிட்டாள். அவுட் ஆகிறவர்கள் வந்து உட்காருகிற இடம் அது என்று அவளுக்குத் தெரியாது. யாரும் எழுப்பவும் இல்லை.

கண்ணுசாமி முதல் தடவை பாடிப் போனான். போனான் என்று சொல்ல முடியாது. இரண்டு எட்டு வைத்ததும் எதிராளி ஒருவன் கணுக்காலைப் பிடித்துக் குப்புறத் தள்ளிவிட்டான். மூச்சு நின்றது. விசில். மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து குப்பாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவளைப் பார்த்து ஐந்து விரலை விரித்துக் காட்டினான். அஞ்சா?

அவள் கையை மூடிக் காட்டினாள். ஒண்ணுமில்லை.

தங்கள் குழு ஒரு புள்ளி எடுத்ததும் மறுபடி உள்ளே போனான். மறுபடி பிடிபட்டான். மறுபடி வந்து உட்கார்ந்து, இந்தத் தடவை இரண்டு கையையும் விரித்தான். குப்பாயிக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"ஒண்ணும் ஏறலடா! எத்தன தடவ சொல்றது? நூறு தடவ அவுட்டாகு, ஒரு காசு ஏறாது! எந்திரிச்சுப் போயி ஆடு சாமி!"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கூட ஒரு நொடி நிறுத்தினார். எதிர்ப்பக்கத்தில் நின்ற ராசப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணுசாமி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தை நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு எழுந்து, மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு போனான்.

மூன்றாம் தடவை அவன் கோட்டைத் தாண்டிய விதமே வேறாக இருந்தது. பாட்டு அவ்வளவு தூரத்துக்கும் கேட்டது. ஒருவனைத் தொட்டான். திரும்புவதற்குள் அவனே காலைப் பிடித்தான். இன்னொருவன் மேலே விழுந்தான். இரண்டு பேர் இடுப்பில். அவன் குப்புற விழுந்தும் பாட்டு நிற்கவில்லை. கபடி கபடி கபடி என்று மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. கையை ஊன்றி ஒரு முழம் இழுத்தான். இன்னொரு முழம். குப்பாயி தூக்குப்போசியின் காதை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவன் விரல் கோட்டைத் தொட்ட பிறகுதான் தானும் அதுவரை மூச்சு விடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

"நாலு பேரு! நாலு பேரும் அவுட்டு!" என்று ராசப்பன் ஓடி வந்தார். "பாத்தியா புள்ள? நான் சொன்னனா இல்லியா?"

"பேசாதீங்க. அவன் மூச்சு உட்டானா பாருங்க மொதல்ல."

இரண்டு புள்ளியில் தோற்றார்கள். கண்ணுசாமி அதற்குப் பிறகு இன்னும் ஐந்து புள்ளி எடுத்தான், நாலு தடவை அவுட் ஆனான். ஒரு தடவைகூட விரலைக் காட்டவில்லை. ஆட்டம் முடிந்ததும் புளிச்சோற்றை மூன்று தடவை வாங்கித் தின்றான். "டேய், எங்களுக்கும் வெய்யிடா" என்று ஆண்டி தூக்குப்போசியைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

பொழுது சாய ஆத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். பையன்கள் டீக்கடைப் பக்கம் போனார்கள். ராசப்பன் நின்றுகொண்டே கணக்குப் போட்டார்.

"இன்னிக்கு ஒம்போது, முன்ன மூணு. பன்னெண்டு. ஏழுநூத்தம்பதப் பன்னெண்டால வகுத்தா... புள்ளிக்கு அறுவத்திரண்டர ரூவா. எரநூத்தம்பதுல இருந்து அறுவத்திரண்டரைக்கு வந்துபோட்டான் பாத்தியா? வர்ற வருசம் ஆண்டியாட்டம் நாலு ரூவாய்க்கு வந்துருவான்."

"வர்ற வருசம் வருவான்னு ஆருங்க சொன்னா?"

"வராம? அவங்கம்மா வெத்தல வாங்கியிருக்கறாங்கல்ல."

"அவங்கம்மாவா இன்னிக்குப் பாடிப் போனாங்க?"

ராசப்பன் துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டார்.

"மூணு மாசமா நாம ரெண்டு பேரும் அவன எத்தன ரூவாயின்னு பேசுனோம்" என்றாள் குப்பாயி. கத்தவில்லை. பஸ் ஸ்டாண்டு சத்தத்தில் அவர் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "வைக்கறதா, அனுப்பறதா, திருப்பி வாங்கறதான்னு பேசுனோம். இருக்கறயா, போறயான்னு அவன ஒரு வார்த்த கேட்டமுங்களா?"

"கேட்டுப் போறேன்னு சொல்லிப்போட்டான்னா?" என்றார் அவர். சின்னப் பையன் கேட்பதுபோல இருந்தது. "இன்னிக்குப் பாத்ததுக்கு அப்பறமா அவன உட்டுப்போட்டு நான் என்ன பண்ணுவேன் புள்ள?"

"எனக்கு மட்டும் ஆசையில்லீங்களா?" என்றாள். "இருந்தாலும் கேக்கோணும்."

அவள் ஓரத்தில் இருந்த பெட்டிக்கடைக்குப் போய் இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் வாங்கினாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"கண்ணுசாமி! இங்க வா சாமி."

டீ டம்ளரை வைத்துவிட்டு வந்தான். நெற்றியில் இன்னும் மண் இருந்தது. அவள் வெற்றிலையை நீட்டியதும் பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அம்மா இங்க இல்லீங்களே."

"உங்கம்மாவுக்கு இல்ல. இது உன்ற கையில. நீட்டு."

நீட்டினான். அவள் வெற்றிலையை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"இது அட்வான்ஸு இல்ல. எந்த நோட்டுலயும் எழுத மாட்டோம். பஸ்ஸுக்கு வெச்சுக்க. அந்த ஏழுநூத்தம்பதும் முடிஞ்சு போச்சு, அது உங்கம்மா ஓடு. அத ஒருத்தரும் பிரிக்க வரமாட்டாங்க. நீ எங்களுக்கு ஒரு காசு பாக்கியில்ல."

அவன் ராசப்பனைப் பார்த்தான். ராசப்பன் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, முகத்தைத் திருப்பி நின்றிருந்த பஸ்ஸின் சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

இரண்டு பஸ் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. "மல்லியக்கரை, ராசிபுரம், நாமக்கல்!" என்று ஒரு கண்டக்டர் பலகையைத் தட்டினார். அதில் போய் இறங்கி மாறினால் சேந்தமங்கலம், புது ஓட்டு வீடு, அம்மா. "சேலம், சேலம், சேலம்!" என்று மற்றவர் கத்தினார். எடப்பாடிக்கு அந்த வழிதான்; அதில் ஆண்டியும் மொய்தீனும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வண்டியிலும் என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. குப்பாயி தறிக்கொட்டகையில் பேசுகிற குரலில் பேச வேண்டியதாயிற்று.

"நீயே சொல்லு சாமி, எந்த பஸ்ஸுல ஏறப்போற?"